கோதுமையும் பாலும் இல்லாத உணவுமுறை: வயிற்றுத் தொல்லை உள்ள ஆட்டிசக் குழந்தைக்குத் தொடங்கலாமா?

கெடிலக்கரை அம்மா (கடலூர்):

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறோம். எங்கள் மகனுக்கு வரும் ஆவணியில் ஆறு வயது நிறைகிறது. மூன்றரை வயதில் முட்டுக்காட்டில் உள்ள, மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தில் மதிப்பீடு செய்து ஆட்டிசம் என்று உறுதிப்படுத்தினார்கள். இப்போது இருபது சொற்கள் அளவுக்குப் பேசுகிறான். வேண்டியதை நம் கையைப் பிடித்து இழுத்துச் சென்று காட்டுகிறான்.

நான் கேட்க வந்தது அவனுடைய வயிற்றைப் பற்றி. நான்கு நாள்களுக்கு ஒருமுறைதான் மலம் கழிக்கிறான். அதுவும் கல்லாக இறுகி, அழுதுகொண்டே. இடைப்பட்ட நாள்களில் உள்ளாடையில் சிறிது சிறிதாகத் தண்ணீர் போலக் கசிகிறது. நள்ளிரவு கடந்து எழுந்து, கட்டிலின் விளிம்பில் வயிற்றை அழுத்திக்கொண்டு குப்புறக் கிடக்கிறான். அத்தகைய நாள்களில் பள்ளியிலும் பயிற்சி மையத்திலும் யாரையும் அருகில் விடுவதில்லை. தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்கிறான்.

சென்ற மாதம், இணையவழியில் ஆலோசனை கூறும் ஒருவரிடம் கட்டணம் செலுத்திப் பேசினோம். கோதுமை, பால், தயிர், நெய், சர்க்கரை, சோயா ஆகிய அனைத்தையும் முதல் வாரத்திலேயே நிறுத்த வேண்டும் என்றும், மூன்றாம் மாதத்திலிருந்து அரிசியையும் உருளைக்கிழங்கையும் நிறுத்த வேண்டும் என்றும் அவர் பட்டியல் அனுப்பியிருக்கிறார். ஆறு மாதத்தில் பேச்சு வந்துவிடும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. அரிசியை நிறுத்திவிட்டு இந்த ஊரில் ஒரு பிள்ளைக்கு எதைத்தான் கொடுப்பது என்று என் மாமியார் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அவன் உண்பவை மொத்தம் எட்டே பொருள்கள்: இட்லி, தயிர்ச்சோறு, பால், ஒரு குறிப்பிட்ட பிஸ்கட், ரொட்டி, சேமியா உப்புமா, அப்பளம், வாழைப்பழம். பால் மட்டும் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்குக் குறையாமல் குடிக்கிறான். பட்டியலின்படி நடந்தால் முதல் வாரத்தில் ஐந்து பொருள்கள் போய்விடும். மூன்றாம் மாதத்தில் இட்லியும் போய், அப்பளமும் வாழைப்பழமும்தான் மிஞ்சும். ஆனாலும் என் கணவர், "உணவுதானே, மருந்தா என்ன? முயன்று பார்ப்பதில் என்ன கெட்டுப்போகிறது?" என்கிறார். வரும் திங்கட்கிழமை தொடங்குவதாக இருக்கிறோம். இதைக் கடைப்பிடித்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதினால் உதவியாக இருக்கும்.

லாஸ்பேட்டை வாசகி (புதுச்சேரி):

சகோதரி, நாங்கள் எட்டு மாதங்கள் இந்த உணவுமுறையில் இருந்தோம். என் மகளுக்கு அப்போது ஐந்து வயது, இப்போது பதினொன்று. நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

அரிசியை நாங்கள் நிறுத்தவில்லை; பாலையும் கோதுமையையும் மட்டும் நிறுத்தினோம். நம் சமையலில் கோதுமையை விலக்குவது கடினமில்லை என்றுதான் முதலில் எண்ணினேன். இட்லி, இடியாப்பம், புட்டு, ஆப்பம், அடை எல்லாம் அரிசியும் பருப்பும்தானே. வீட்டுக்கு வெளியேதான் சிக்கல் காத்திருந்தது. புதுச்சேரியில் தெருவுக்கு ஒரு பேக்கரி இருக்கிறது; மாலை நான்கு மணிக்கு ரொட்டி வேகும் மணம் வரும்போது அவளைக் கடந்து அழைத்துச் செல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். உறவினர் வீட்டு விசேஷங்களுக்குப் போவதை நிறுத்தினோம். கோயிலில் நெய் ஊற்றிய பொங்கலைக் கையில் வைத்தால்கூடப் பிடுங்கினேன். பிறந்தநாளுக்கு வகுப்பில் கொடுத்த கேக்கைப் பறித்தபோது அவள் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

மூன்றாவது வாரத்தில் மலச்சிக்கல் குறைந்தது. இரவில் உறங்கினாள். ஐந்தாவது மாதத்தில் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசினாள். நானும் என் கணவரும் ஊரெல்லாம் சொன்னோம். இரண்டு குடும்பங்களை இதே உணவுமுறைக்கு மாற்றியும் விட்டோம். அதை நினைத்தால் இன்று கூச்சமாக இருக்கிறது.

எட்டாம் மாதத்தில்தான் என் மாமனார் வாய் திறந்தார். அவர் தினமும் மாலையில் பேத்தியைக் கடற்கரைச் சாலைக்கு நடக்க அழைத்துச் செல்வார். முதல் வாரத்திலிருந்தே, அவள் கேட்டு அழுகிறாளே என்று மனம் பொறுக்காமல், நாள்தோறும் இரண்டு மூன்று பிஸ்கட் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதாவது, கோதுமையை நிறுத்தியதால் வந்த மாற்றம் என்று நாங்கள் கொண்டாடிய அத்தனை மாதங்களும் அவள் கோதுமை தின்றுகொண்டுதான் இருந்தாள். கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அன்றிரவு, நான் குறித்து வந்த நோட்டை எடுத்து முதலிலிருந்து படித்தேன். அந்த மூன்றாவது வாரத்துக்குச் சற்று முன்புதான் மருத்துவர் மலம் இளக்கும் மருந்தைத் தொடங்கியிருந்தார். பால் நின்றுபோனதால் பசி எடுத்து, கீரைக் கூட்டும் பப்பாளியும் உண்ணத் தொடங்கியிருந்தாள். பேச்சுப் பயிற்சியோ வாரம் ஒரு நாளிலிருந்து மூன்று நாளாகக் கூடியிருந்தது. எல்லாம் என் கையெழுத்திலேயே இருந்தன. ஆனால் உணவு என்ற ஒற்றை வரியைத்தான் நான் படித்திருக்கிறேன்.

அதன் பிறகு கோதுமையைத் திரும்பக் கொடுத்தோம், எதுவும் ஆகவில்லை. பாலைப் பழைய அளவில் கொடுத்தபோது பத்தே நாளில் மலம் இறுகிவிட்டது. ஒரு டம்ளரோடு நிறுத்தியதும் சரியானது. அந்த எட்டு மாதங்களில் அவள் ஒன்றரைக் கிலோ எடை குறைந்திருந்தாள். உங்கள் கணவரின் கேள்விக்கு எங்கள் வீட்டுப் பதில் அந்த ஒன்றரைக் கிலோதான்.

உணவியலாளர் (புதுச்சேரி):

சகோதரிக்கு வணக்கம். குழந்தைகளுக்கான உணவியல் துறையில் பணியாற்றுகிறேன். மருத்துவர் அல்லேன் என்பதால் மருந்தின் அளவுகளுக்குள் போகவில்லை.

முதலில் அந்தத் தண்ணீர்க் கசிவைப் பார்க்க வேண்டும். அதை வயிற்றுப்போக்கு என்று எண்ணி நிறுத்தும் மருந்து எதையும் கொடுத்துவிடாதீர்கள். மலக்குடலில் இறுகி அடைத்திருக்கும் மலத்தின் ஓரமாக, பின்னால் வரும் நீர்த்த மலம் கசிவதுதான் பெரும்பாலும் இப்படித் தெரியும். நெடுநாள் அடைப்பால் குடல் விரிந்து உணர்வு மந்தமாகிவிடுவதால், கசிவது குழந்தைக்கே தெரிவதில்லை. அவனைக் கண்டிப்பதில் பயனில்லை. தேங்கியதை மருந்தால் முழுமையாக வெளியேற்றிய பிறகு, பாலிஎதிலீன் கிளைக்கால் அல்லது லாக்டுலோஸ் போன்ற இளக்கும் மருந்தை மாதக்கணக்கில் தொடர்வதே வழக்கமான சிகிச்சை. "குடல் மருந்துக்குப் பழகிவிடும்" என்று அஞ்சிப் பாதியில் நிறுத்துகிற வீடுகளில்தான் அடைப்பு திரும்பத் திரும்ப வருகிறது. கட்டிலின் விளிம்பில் வயிற்றை அழுத்துவதும், தன்னைத்தானே அடித்துக்கொள்வதும், சொல்லத் தெரியாத பிள்ளை வலியைச் சொல்லும் விதமாக இருக்கக்கூடும். ஆகவே "ஆட்டிசம் என்றால் அப்படித்தான்" என்று யார் சொன்னாலும் அதை ஏற்காமல், ஜிப்மர் போன்ற ஒரு பெரிய மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவில் வயிற்றைத் தொட்டுப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது, திங்கட்கிழமையைத் தள்ளிப்போடுங்கள். கோதுமையில் உள்ள குளூட்டன் உடலுக்கு ஒவ்வாத சீலியாக் நோயை ஒரு ரத்தப் பரிசோதனையின் மூலம் தேடலாம். அந்த நோயில் ரத்தத்தில் கூடும் டி.டி.ஜி. எதிர்ப்பொருளையும், ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்பொருள் வகையின் மொத்த அளவையும் சேர்த்துப் பார்ப்பார்கள். கோதுமை உண்டுகொண்டிருக்கும்போது எடுத்தால்தான் அதன் முடிவை நம்ப முடியும். முன்கூட்டியே நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் இல்லை என்று வந்துவிடலாம். இவ்வளவு பால் குடிக்கும் குழந்தைக்கு இரும்புச்சத்து குறைந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அதே ஊசியில் அதையும் பார்த்துவிடலாம்.

இனி அந்தப் பட்டியல். பால், கோதுமைப் புரதங்கள் முழுதாகச் செரிக்காமல், அபினியைப் போல் செயல்படும் துணுக்குகளாகிக் குடலைத் தாண்டி மூளையை எட்டுகின்றன என்ற கருத்தே இதன் அடித்தளம். ஆட்டிசத்துக்கும் மூளையின் அபினி வகை வேதிப்பொருள்களுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று யாக் பாங்க்செப் 1979இல் எழுதியதைத் தொடர்ந்து வளர்ந்த எண்ணம் இது. பிற்காலத்தில் இந்தக் குழந்தைகளின் சிறுநீரில் துல்லியமான கருவிகளைக் கொண்டு தேடிய ஆய்வாளர்களுக்கு அந்தத் துணுக்குகள் கிடைக்கவில்லை. லாஸ்பேட்டை சகோதரியின் மாமனார் அறியாமல் நடத்திய சோதனையை, அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் அறிந்தே நடத்தினார்கள். குளூட்டனும், பாலில் உள்ள புரதமான கேசினும் இல்லாத உணவில் வைக்கப்பட்ட 14 குழந்தைகளுக்கு, சில வாரங்கள் கழித்து, குளூட்டன், கேசின், இரண்டும் சேர்ந்தது, எதுவுமற்றது என்று மாற்றி மாற்றிப் பண்டங்களில் கலந்து கொடுத்தார்கள். எது எந்த வாரம் என்பது பெற்றோருக்கும் தெரியாது, கவனித்துக் குறித்தவர்களுக்கும் தெரியாது. நடத்தையிலோ உறக்கத்திலோ மலப்போக்கிலோ எந்த வேறுபாடும் தெரியவில்லை என்று 2016இல் வெளியிட்டார்கள். 14 என்பது சிறிய எண்ணிக்கை என்பது உண்மைதான். இருந்தாலும், பெரிய பலன் உண்டென்று கூறும் ஆய்வுகளில் பல, பெற்றோருக்கு எல்லாம் தெரிந்த நிலையில் நடந்தவை. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆட்டிசத்தின் அடிப்படைக் கூறுகளுக்காக இத்தகைய விலக்கு உணவுமுறைகளைப் பயன்படுத்த வேண்டாம் என்றே கூறுகிறது.

ஆனால் பாலை நிறுத்திப் பார்க்கும் யோசனையை முற்றிலும் தள்ளிவிட மாட்டேன். அதன் காரணம் வேறு. இத்தாலியின் பலெர்மோ நகரில் மருந்துக்கு அடங்காத மலச்சிக்கல் இருந்த 65 குழந்தைகளுக்குப் பசும்பாலை நிறுத்திச் சோயாப் பால் கொடுத்தபோது 44 பேருக்குக் குணம் தெரிந்தது. 1998இல் வெளியான ஆய்வு அது. அவர்கள் ஆட்டிசக் குழந்தைகள் அல்லர், மலச்சிக்கல் உள்ள குழந்தைகள். எனவே மருந்து சரியாகக் கொடுத்தும் பலன் இல்லாவிட்டால், பாலை மட்டும் இரண்டு முதல் நான்கு வாரங்கள் நிறுத்தி, மீண்டும் கொடுத்துப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. பேச்சு வருகிறதா என்று அதில் பார்க்காதீர்கள். மலம் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு இறுக்கம், இரவில் எத்தனை முறை எழுந்தான் என்று மட்டும் குறித்தால் போதும்.

அப்படி நிறுத்தும்போது எதை இழக்கிறோம் என்பதையும் கணக்கிட வேண்டும். முக்கால் லிட்டர் பாலில் ஏறக்குறைய 900 மி.கி. கால்சியமும் 24 கிராம் புரதமும் இருக்கின்றன. இந்த வயதுக்கு நாளொன்றுக்கு 550 மி.கி. கால்சியம் தேவை என்று ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வரையறுத்திருக்கிறது. கேழ்வரகு மாவு 100 கிராமில் 350 மி.கி. அளவுக்கு உண்டு, முளைகட்டி அரைத்தால் உடலில் சேர்வது சற்றுக் கூடும். எள்ளும் முருங்கைக்கீரையும் முள்ளோடு உண்ணும் நெத்திலியும் உண்டு. தேங்காய்ப்பால் பார்வைக்குத்தான் பால். அதில் கால்சியமும் புரதமும் மிகக் குறைவு. அரிசியையும் நிறுத்தச் சொல்லும் பகுதியைப் பற்றி ஒன்றே சொல்கிறேன்: எட்டுப் பொருள் உண்ணும் குழந்தையிடமிருந்து ஆறை எடுக்கும் பட்டியலை எழுதியவர், அந்தக் குழந்தை என்ன உண்கிறான் என்று கேட்காமலே எழுதியிருக்கிறார்.

நெல்லிக்குப்பம் தந்தை:

மேலே எழுதிய இருவர் மீதும் மதிப்பு வைத்தே மாறுபடுகிறேன். உணவுமுறையைக் கேலிக்குரியதாக ஆக்கிவிட வேண்டாம். என் மகன் உயரம் ஏறாமல், வயிறு உப்பி, நாளுக்கு ஐந்து முறை துர்நாற்றத்துடன் மலம் போய்க்கொண்டிருந்தான். பார்த்த மருத்துவர்களில் இருவர், ஆட்டிசக் குழந்தைகளுக்கு வயிறு இப்படித்தான் இருக்கும் என்று இரண்டு ஆண்டுகளைக் கழித்துவிட்டார்கள். ஒரு முகநூல் குழுவில் படித்து நாங்களாகவே கோதுமையை நிறுத்தியபோதுதான் பிள்ளை தேறினான். நான்கே மாதத்தில் கால்சட்டை குட்டையாகிப் போனது.

பிறகு பார்த்த குழந்தைகள் குடல்நோய் மருத்துவர்தான் சீலியாக் என்று ஐயப்பட்டார். ஆனால் நாங்கள் கோதுமையை நிறுத்தி வெகுநாள் ஆகியிருந்ததால் பரிசோதனை எடுக்க முடியவில்லை. உறுதி செய்வதற்காக ஆறு வாரங்களுக்கும் மேலாக மறுபடி கோதுமை கொடுக்க வேண்டியிருந்தது. தேறிய பிள்ளையை நம் கையாலேயே மறுபடி நோயில் தள்ளிய அந்த வாரங்களை நான் யாருக்கும் வேண்ட மாட்டேன். முதலில் பரிசோதனை, பிறகு நிறுத்துவது என்று உணவியலாளர் எழுதியதை அதனாலேயே வழிமொழிகிறேன்.

சீலியாக் உறுதியானால் விலக்கு வாழ்நாள் முழுவதற்கும். அதில் பாதி என்பதே கிடையாது. எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்: சப்பாத்தி, ரவை, சேமியா, மைதா எல்லாவற்றையும் வீட்டைவிட்டு வெளியேற்றிய பிறகும் அவனுக்கு வயிறு அடங்கவில்லை. ஒவ்வொரு டப்பாவாகப் படித்துக்கொண்டு வந்த என் மனைவி, பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பதைக் கண்டுபிடித்தார். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் அது உண்டு. சாம்பார், ரசம், மோர் என்று மூன்று வேளையும் போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஹார்லிக்ஸ் போன்ற மால்ட் மாவுகளிலும் பார்லியும் கோதுமையும் இருக்கின்றன.

வயிறு அடங்கியதால் பிள்ளை அமைதியானான், பயிற்சியில் உட்கார்ந்தான், அதனால் கற்றுக்கொண்டான். அவனுக்கு ஆட்டிசம் அப்படியேதான் இருக்கிறது. வலி இல்லாத ஆட்டிசக் குழந்தையாக இருக்கிறான்; எங்களுக்கு அதுவே பெரிது.

சிறப்புக் கல்வி ஆசிரியை (வில்லியனூர்):

இரண்டு செய்திகளை மட்டும் சேர்க்கிறேன். மருந்தை அவன் விரும்பும் இட்லியிலோ தயிர்ச்சோற்றிலோ ஒளித்துக் கொடுக்காதீர்கள். சுவை மாறியதை ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் அந்த இட்லியும் போய்விடும், எட்டு ஏழாகும். தண்ணீரில் கரைத்தால் சுவை தெரியாத மருந்துகள் இருக்கின்றன, மருத்துவரிடம் கேளுங்கள். இன்னொன்று, உணவு உண்ட சிறிது நேரத்தில் குடல் இயல்பாகவே அசையும் என்பதால், காலை இட்லிக்குப் பிறகு ஐந்து நிமிடம் கழிப்பறையில் உட்காரவையுங்கள். மேல்நாட்டுக் கழிப்பறை என்றால் கால்கள் தொங்கக் கூடாது. முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்கும்படி ஒரு மணையைப் போடுங்கள். அவன் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி நான்கு படங்களை வரிசையாகச் சுவரில் ஒட்டினால் இன்னும் நல்லது.

கெடிலக்கரை அம்மா (கடலூர்):

ஐந்து வாரங்கள் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். அந்தத் திங்கட்கிழமை நாங்கள் எதையும் நிறுத்தவில்லை. மருத்துவமனைக்குப் போனோம். வயிற்றைத் தொட்டுப் பார்த்த மருத்துவர் என் கையைப் பிடித்து அவன் இடப்பக்க அடிவயிற்றில் வைத்தார். உருண்டை உருண்டையாகக் கையில் தட்டுப்பட்டது. இத்தனை மாதம் அதைச் சுமந்துகொண்டுதான் பிள்ளை பள்ளிக்குப் போயிருக்கிறான்.

முதல் நான்கு நாள்கள் வீடே கழிப்பறையைச் சுற்றித்தான் இயங்கியது. அதை விவரிக்க வேண்டியதில்லை. சீலியாக் இல்லை என்று முடிவு வந்தது. இரும்புச்சத்து மிகவும் குறைவு என்றும் வந்ததால் அதற்கும் மருந்து கொடுக்கிறோம். இரும்புச்சத்து மருந்தால் மறுபடி மலம் இறுகுமோ என்று பயந்தேன்; இளக்கும் மருந்து தொடர்வதால் இதுவரை சிக்கல் இல்லை. பாலை முழுமையாக நிறுத்தவில்லை. வாரத்துக்கு ஒரு டம்ளர் வீதம் குறைத்துக்கொண்டே வந்து இப்போது நாளுக்கு இரண்டு டம்ளரில் இருக்கிறோம். இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் மலம் போகிறது, கசிவு நின்றுவிட்டது, சென்ற வாரம் இரவில் ஒரே ஒருமுறைதான் எழுந்தான். கன்னத்தில் அறைந்துகொள்வது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. பேச்சு அதே இருபது சொற்கள்தான்.

ஆலோசகருக்குச் செலுத்திய கட்டணம் திரும்ப வராது என்று என் கணவர் இன்னும் முணுமுணுக்கிறார். ஆனால் படங்களைச் சுவரில் ஒட்டியவரும், அவன் உயரத்துக்கு மணையைத் தச்சரிடம் சொல்லிச் செய்து வந்தவரும் அவர்தான்.

உணவியலாளரிடம் ஒரு கேள்வி. பால் குறைந்ததை ஈடுகட்ட இட்லி மாவில் ஒரு தேக்கரண்டி கேழ்வரகு மாவு கலந்தேன். இட்லியின் நிறம் மாறியதைப் பார்த்ததும் தட்டையே தள்ளிவிட்டான். அன்று முழுவதும் இட்லியைத் தொடவில்லை. பயந்துபோய் மறுநாளே வெள்ளை இட்லிக்குத் திரும்பிவிட்டேன். நிறம் மாறாமல் சேர்க்க எள் சரிப்படுமா? வெள்ளை எள்ளை வறுத்துப் பொடித்தால் மணத்தைக் கண்டுபிடித்துவிடுவான் என்று தோன்றுகிறது; வறுக்காமல் ஊறவைத்து உளுந்தோடு அரைத்தால் இட்லி பூப்போல வருமா?

உணவியலாளர் (புதுச்சேரி):

சகோதரி, இட்லியை இப்போதைக்குத் தொட வேண்டாம். அது அவன் நம்பி உண்ணும் உணவு, அப்படியே இருக்கட்டும். தட்டின் ஓரத்தில், இட்லியில் படாமல், வேறு ஒன்றைச் சிறிதளவு வையுங்கள், உண்ணச் சொல்லாதீர்கள். அப்பளத்தின் மொறுமொறுப்பை விரும்புகிறான் என்பதால் எள்ளடையோ, வறுத்து நொறுங்கும்படி செய்த நெத்திலியோ பொருந்தக்கூடும். தள்ளினால் தள்ளட்டும், மறுநாளும் வையுங்கள். பத்துப் பதினைந்து முறை பார்த்த பிறகுதான் சில பிள்ளைகள் முகர்ந்தே பார்ப்பார்கள். இரண்டு டம்ளர் பாலும் தயிர்ச்சோறும் தொடரும் வரை கால்சியத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.